ஏழு மணி இரண்டு நிமிடம்

ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில் என் பட்டியல்.
மின் கட்டண உறையின் முதுகில், பென்சிலில்:
புகைபோக்கி ஆள். டிசம்பர் ஒன்றுக்குள் பனி டயர்.
நிலவறை பல்பு. உப்பு.
உப்பை மட்டும் மூன்று முறை எழுதியிருக்கிறேன்.
மூன்று முறையும் காகிதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக்
கடைக்குப் போயிருக்கிறேன்.

தார்மோ கட்டட வேலைக்கு ஃபின்லாந்து போன மாதம்
"உன் ஃபிரிட்ஜ் கதவு துர்குவிலிருந்து தெரியாது, விர்வெ" என்றான்.
செயலி ஒன்றை இறக்கித் தந்தான்.
இரண்டு பேருக்கும் ஒரே பட்டியல்.
கடலுக்கு அந்தப் பக்கம் அவன் தட்டினால்
முஹு தீவில் என் சட்டைப்பை துடிக்கும்.

பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.
குய்வஸ்து துறையில் படகேறும் வண்டிகளுக்கு
நான் கை காட்டிக்கொண்டிருக்கும்போது
இடுப்பருகே ஒரு துடிப்பு: உப்பு.
வாங்கினேன்.

ஆனால் முடித்த வேலை அதில் மறைந்துவிடுகிறது.
ஒரு டிக், அவ்வளவுதான், செய்ததற்குத் தடயமில்லை.
காகிதத்தில் நான் அடிக்கிற கோடு அப்படியா?
டயர் மாற்றிய அன்று, அசைய மறுத்த நட்டு ஒன்றோடு
முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு
இழுத்த கோடு உறையைக் கிழித்து
மறுபக்கம் வந்திருக்கிறது.
காபி குடிக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன்.

ஜனவரியில் மைனஸ் இருபத்து நான்கு.
அறுபது சதவீதம் இருக்கும்போதே கைபேசி கண்ணை மூடியது.
சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன்.
மை உறைந்திருந்தது.
மறுநாளிலிருந்து தொப்பிக்குள் ஒரு பென்சில் துண்டு.

நிலவறை பல்புக்கு ஒரு நாள் டிக் விழுந்தது.
நான் போடவில்லை.
அவன் அங்கே, பல்பு இங்கே.
இறங்கிப் பார்த்தேன். இருட்டு, உருளைக்கிழங்கு வாசனை.
"கை தவறிப் பட்டிருக்கும்" என்றான்.
"காகிதத்தில் கை தவறாது" என்றேன்.
சண்டை பல்பைப் பற்றியதில்லை
என்று இருவருக்கும் தெரியும்.

பிறகுதான், பிப்ரவரி நடுவில், அந்த வரி.
தனக்கென்று எழுதிக்கொண்டதைத்
தவறிப்போய்ப் பொதுப்பட்டியலில் போட்டிருக்கிறான்:
"விர்வெயிடம் கேட்க: தூக்கம் வருகிறதா.
ஞாயிறு மாலை ஏழு. வாரந்தோறும்."
ஈஸ்டுக்கும் வண்டிக் காப்பீட்டுக்கும் நடுவில் நான்.
அதே எழுத்து, டிக்குக்குக் காத்திருக்கும் அதே வட்டம்.

"திடீரென்று உன் நினைவு வந்தது" என்பானே,
அது மணி அடித்து வந்த நினைவா?
முகம் சுட்டது.
பிர்ச் விறகைப் பிளக்கப் போனேன்.
இரண்டு வாரத்துக்கு வேண்டியதைப் பிளந்தேன்.

திரும்பி வந்து காலணியை உதறும்போது
எதிரே ஃபிரிட்ஜ் கதவு.
உறையின் ஓரத்தில், என் கையெழுத்தில், சின்னதாக:
"ஞாயிறு. பம்ப் பழுதானதைச் சொல்லாதே.
இருமலைச் சொல்லாதே.
சிரிக்க ஏதாவது ஒன்று தயாராக வை."
நவம்பரிலிருந்து இருக்கிறது, அடிக்கப்படாமல்.
துர்குவிலிருந்து தெரியாத கதவு
எனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

அவன் வரியை நான் தொடவில்லை.
பார்த்ததாகவும் சொல்லவில்லை.
மறுநாள் அது அங்கே இல்லை.

ஞாயிறு. அடுப்பில் பட்டாணி சூப்.
கைபேசியை மேசைமேல் மல்லாத்தி வைத்து
எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
ஏழு. இப்போது அவன் அறையில் மணி அடித்திருக்கும்.
ஏழு ஒன்று.
அணைத்திருப்பான். இன்னும் கூப்பிடவில்லை.
ஜன்னலருகே போய் நிற்கிறானோ,
மணி சொல்லித் தராத ஏதோ ஒன்றைத்
தேடிக்கொண்டிருக்கிறானோ.
ஏழு இரண்டு.
திரை ஒளிர்கிறது.

"என்னமோ, திடீரென்று உன் நினைவு" என்கிறான்.

பென்சிலை எடுத்து
பல்பு என்ற சொல்லின் மேல்
காரணமில்லாமல் கோடு போட்டபடி
"பம்ப் போய்விட்டது, தார்மோ" என்கிறேன்.