அளவுக் கூண்டு

ஸராவுட்ஸ் கடற்கரைக் கடை. வெளியே மழை.
கூண்டுக்குள் வரைந்த பாதங்கள்மேல்
நெகானே நிற்கிறாள்,
பேருந்து ஓட்டி ஓட்டி
வலத்தோள் சற்றே இறங்கியவள்.

போன வருடம் கடைப்பையன்
இடுப்பைப் பார்த்து, கண்ணைத் தாழ்த்தி
"பெரிசு ஒண்ணு உள்ளே இருக்கும்" என்றான்.
வாங்காமலே போனாள்.

திரைக்கு வெட்கமில்லை, இரக்கமுமில்லை:
மூச்சை விடுங்கள்.
இழுத்துப் பிடித்திருந்தது
அதற்கெப்படித் தெரிந்தது?

எண் வந்தது. குளிர்கடலுக்கான ரப்பர் உடை வந்தது.
மெத்தையை உறைக்குள் திணிப்பதுபோல்
தன்னைத் தானே திணித்தாள்.
கச்சிதம். அக்குளில்கூட மடிப்பில்லை.

முதுகு ஜிப் மட்டும்
பாதியில் நின்றது.
திரையைப் பார்த்தாள்.
அடுத்தவர் வரலாம் என்றது.

பக்கத்துத் தட்டிக்கு மேலாக
ஒரு கை நீண்டது,
மோதிரத்தில் மணல்.
"மூச்சை இழுத்துப் பிடி."