இடது மூலை

பஸ்மீரை முதலில் அறிந்தது
என் வலது கணுக்கால்.

நிந்தவூர்க் கடற்கரை மணல். கச்சான் காற்று
ஒலிபெருக்கியைப் பிய்த்துக்கொண்டிருந்த பின்னேரம்.
எனக்குப் பத்தொன்பது. காரைதீவுக்கு ரெய்டர்.
தொடையைத் தட்டிக்கொண்டு கோட்டைக் கடந்தேன்.
அவன் இடது மூலையில் குனிந்து நின்றான்,
மணலில் சில்லறை விழுத்தியவன் மாதிரி.

மற்ற ஆறு பேரும் என் கண்ணைப் பார்த்தார்கள்.
கண்ணால் ஏய்க்க எனக்குத் தெரியும்.
அவன் குதிகாலைப் பார்த்தான்.
பாரம் எந்தப் பக்கம் சாயப்போகிறதென்று
குதிகால் பொய் சொல்லாது,
எனக்கு அது அப்போது தெரியாது.
போனஸ் கோட்டை உரசிய அடுத்த நொடி
வானம் தெரிந்தது.
கபடி கப
வாய்க்குள் மணல்.

மைக்கில் சொன்னார்கள்: "காரைதீவு வீரர் ஆட்டமிழந்தார்."
பிடித்தவனின் பேர் சொல்லவில்லை.
தொட்டுவிட்டு ஓடுகிறவனுக்குத்தான் பேர்.
பிடிக்கிறவன் கும்பலுக்கு அடியில் கிடப்பான்,
கடைசியாக எழும்புவான்,
காற்சட்டை மணலைத் தட்டுவான்.

அவன் கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன்.
கழகத்தில் இரண்டு வருஷம்
தண்ணீர் வாளியும் கோடு போடும் சுண்ணாம்பும் தூக்கியது.
மூலைக்காரன் கட்டாருக்குப் பறந்த கிழமை
மூலை காலியானது.
அன்றைக்கு அக்கரைப்பற்றின் பெரிய ரெய்டரை
ஐந்து முறை மடக்கினானாம்.
ஐந்தாம் முறை அந்த ஆள் எழும்பி
"இது கையா, நண்டுக் கொடுக்கா" என்று கேட்டானாம்.

கொழும்பில் ஒரு கம்பனி அணி கூப்பிட்டது.
பகல் முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவது,
பொழுதுபட்டால் றப்பர் பாயில் பயிற்சி.
மணலில் பழகிய முழங்காலைப் பாய் சுட்டது.
உரிந்து, காய்ந்து, உரிந்து, மூன்று பருவம்.
தேசிய அணிக்குத் தெரிவு நடந்தது.
கோட்டுத் தைக்க அளவெடுத்தார்கள்:
நெஞ்சு நாற்பத்திரண்டு, கை இருபத்தைந்து.
பட்டியல் வந்தது. பன்னிரண்டு பேர்.
அந்த அளவுக் கடதாசி
எந்தத் தையற்கடையில் கிடக்கிறதோ.

ஊர் திரும்பினான். பழைய கழகம், பழைய இலக்கம் நான்கு.

இனி நான் சொல்ல விரும்பாத இடம்.

கல்முனையில் இறுதி ஆட்டம். இருபத்தேழுக்கு இருபத்தேழு.
கடைசி ரெய்டு என்னுடையது.
பிடித்தான்.
அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கித் திமிறினேன்,
சேற்று வயலில் மெஷின் கலப்பையை இழுக்கிற மாதிரி.
பச்சை மட்டை முறிகிற சத்தம் ஒன்று.
தோள் கழன்றுவிட்டது அவனுக்கு. எனக்கு விளங்கியது.
விளங்கியும் இழுத்தேன்.
கை விடவில்லை அவன்.
கோட்டுக்கு என் நடுவிரல் நாலு அங்குலம்.
மூச்சு முடிந்தது.

கிண்ணத்தை யாரோ தூக்கினார்கள்.
அவனை நாலு பேர் தூக்கினார்கள்.
ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன்.
உள்ளே போகவில்லை.

ஒன்பது வருஷம்.
போன மாதம், சாய்ந்தமருதில் ஓர் இரும்புக்கடை.
கதவுப் பிணைச்சல் வாங்க நுழைகிறேன்.
குனிந்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன்
நிமிராமலே சொன்னான்:
"இன்னும் வலது காலைத்தான் முதல்ல வைக்கிறாய்."

மேல் தட்டிலிருந்த பெட்டியை வலது கையால் எடுத்தான்.
இடது கை தோளுக்கு மேல் போகவில்லை.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
வாயைத் திறந்தேன்.
"ரெண்டும் எண்ணூற்றி நாற்பது" என்றான்.
எண்ணூறை எடுத்துக்கொண்டு
நாற்பதை விட்டான்.

அவன் எதையாவது விட்டு
நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.