கட்டடத்தை நீக்கவா?

இஸ்திரி மேசையின் விளிம்பில்
கிளாம்ப் போட்டு இறுக்கிய ஜாய்ஸ்டிக்.
கட்டிலுக்கடியில் செருப்புகளைத் தள்ளிவிட்டுப்
பெடல்கள்.
மூன்று பேர் படுக்கும் அறையில்
என் பங்கான ஆறுக்கு மூன்றடியில்
ராத்திரி பதினொன்றரைக்கு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு விடிகிறது.

விமானத்தின் பெயர் வெனம். விஷம்.
அதன் எஞ்சினுக்குப் பெயர் கோஸ்ட். பேய்.
பெயர் வைத்தவனுக்கு
வீட்டில் என்ன கஷ்டமோ.
மூக்கு ஒட்டுப்பலகை, பின்னால் இரட்டை வால்.
தோட்டா வெடித்தால்தான் உயிர் வரும்.
கரும்புகை, ஒரு இருமல்,
பிறகு அந்த ஊளை
என் ஹெட்போனுக்குள் மட்டும்.
வெளியே ஏசி சொட்டுகிறது.
முஜீபுர் குறட்டை விடுகிறான்,
மூன்று மணிக்கு அவனுக்கு பேக்கரி.

முதல் மாதம் முழுக்க விழுந்தேன்.
த்ராட்டிலைத் தள்ளினால் பேய் யோசிக்கும்;
அது யோசித்து முடிப்பதற்குள் கடல்.
கோர்ஃபக்கானில் இரண்டு தரம்,
அஜ்மான் கரையில் கணக்கில்லை.
திரை கறுத்து, மறுபடி முயல்கிறீர்களா என்று
மரியாதையாகக் கேட்கும்.
விசா ஆபீசில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பகலில் நான்
இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்தில்
பம்பு விற்கும் கடையில் பில் போடுகிறவன்.
ஓமான் நம்பர் பிக்கப்பில் வந்தவர்
இரண்டு இஞ்சு பம்பு கேட்டார்,
மாதுளைக்கு, மேல் தட்டு வரை தண்ணீர் ஏற வேண்டும்.
டெலிவரி நோட்டுக்காக ஊர் கேட்டேன்.
சைக், என்றார். பச்சை மலை மேல்.
தெரியும் என்று வாய்வரை வந்துவிட்டது.
நேற்று ஒன்றே முக்காலுக்கு
ஐநூறு அடி உயரத்தில்
அந்தப் படிக்கட்டு வயல்களின் மேல்
என் இரட்டை வால் நிழல் தாவிப் போனது.
எந்த ரோட்டில் வந்தீர்கள் என்று கேட்டால்
என்ன சொல்வேன்?

இந்த விஷம் நிஜமாகவே
அந்த மலையில் குண்டு போட்டிருக்கிறது.
படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் பறந்தேன்.
அவருக்கு முப்பது வயதிருக்கும்.
அவர் எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
பன்னிரண்டு திர்ஹம் குறைத்து பில் போட்டேன்.
முதலாளி கேட்டால்
ரவுண்ட் ஆஃப்.

அன்றிரவு
ஜாய்ஸ்டிக்கின் சிவப்புப் பொத்தான் மேல்
வெள்ளை டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றினேன்,
பம்போடு இலவசமாகத் தருவோமே, அது.

இன்னொரு சங்கதி.
நாங்கள் குடியிருக்கும் தெரு
ஒரு காலத்தில் ஓடுபாதை.
கிங் அப்துல் அஜீஸ் தெரு இத்தனை நேராய்க் கிடப்பது
அதனால்தான்.
பழைய கண்ட்ரோல் டவர் மியூசியமாய் நிற்கிறது,
கீழே சவர்மா வாங்கிக்கொண்டு
டாக்ஸிக்குக் கை காட்டுவோம்.
வெனம் இறங்க வேண்டிய இடம் இதுதான்.
ஆனால் திரையில் இன்றைய ஊர்.
பேங்க், மருந்துக்கடை, துணிக்கடை, சிக்னல்.
எடிட்டரைத் திறந்து
ஒவ்வொன்றாய்த் தொட்டேன். நீக்கவா? ஆம்.
நீக்கவா? ஆம்.
வெறும் மணல் வந்தது, எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணல்.
கடைசியில் ஒன்று மிச்சம் நின்றது.
பழுப்பு நிறம், ஐந்து மாடி,
மாடித் தண்ணீர்த்தொட்டி ஒன்றுக்கு மூடியில்லை.
அதுவரை சரியாய்ச் செய்திருந்தான் யாரோ.

நீக்கவா?

தெற்கிலிருந்து வளைந்து வந்து
சக்கரம் இறக்கி, ஃப்ளாப் இறக்கி,
பேய்க்கு யோசிக்க நேரம் கொடுத்து
முதல் தடவையாக உடையாமல் தொட்டேன்.
உருண்டு உருண்டு
எங்கள் வாசல் இருக்க வேண்டிய இடத்தில்
நின்றது.
எஞ்சினை அணைத்தேன். கூரைக் கண்ணாடியைத் திறந்தேன்.
ஹெட்போனில் காற்று.
மூன்றாம் மாடியைத் தேடி அண்ணாந்தேன்,
அங்கே நான் உட்கார்ந்திருந்த உயரத்தில்
ஒன்றுமில்லை.

‘இறங்கியாச்சா?’
முஜீபுர், இருட்டில் பனியன் தேடிக்கொண்டே.
‘ஆச்சு. நம்ம வீட்டு மேலதான்.’
‘நல்லவேளை, நான் எந்திரிச்சிட்டேன்’ என்றான்.

மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது.
இன்னொரு கட்டிலில் அருள்தாஸ் தூங்குகிறான்.
வேண்டாம் என்றேன்.

காலையில் தெருவைக் கடக்கையில்
இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன்,
லேசாக மேலேயும்.