எட்டு போல்ட்

ஏலத்தில் எடுத்த கென்வொர்த்
பட்டறைக்குள் பாதி, கன்சாஸ் வெயிலில் பாதி.
கதவிலிருந்த பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.
எழுத்து இருந்த இடத்தில் மட்டும் சிவப்பு வெளுக்கவில்லை,
அதனால் இன்னும் படிக்கலாம்:
யோஸ்ட் அன்ட் சன்ஸ்.
மகன்கள்தான் விற்றிருப்பார்கள்.

"வெர்லா, இனி உன் வீட்டை இழுப்பது இதுதான்"
என்றான் லவான்.
என் வீடு என்றால்
முப்பத்திரண்டடி நீளத்தில் ஓர் அடுப்பங்கரை,
அதன் வாலில் ஒரு கட்டில்.
டெக்சஸில் கோதுமை பழுத்ததும் அறுக்கத் தொடங்கி
பழுக்கப் பழுக்க வடக்கே போய்
மான்டானாவில் பனி விழுமுன் முடிப்போம்.
பதினோரு பேருக்கு மூன்று வேளை.
உப்பு கூடினால் என்னைக் கேட்பார்கள்.
கொக்கி விட்டால்
நான் யாரைக் கேட்பது?

தானிய டிரெய்லரைத் தாங்கிய வட்டத் தட்டு
கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
சட்டத்தின் வால்பக்கம் ஒரு மஞ்சள் வில்லை:
சூட்டில் பதப்படுத்திய எஃகு.
விளிம்பில் துளையிடாதே. பற்றவைக்காதே.
டெல்பர்ட் உன்ரூ முகமூடியை நெற்றிக்கு ஏற்றி
அதை இரண்டு முறை படித்தான்.
நாற்பது வருஷமாய் எதையும் நெருப்பால் ஒட்டியே பழகியவன்.
கையைக் கட்டிப் போட்ட மாதிரி கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு டிரில்லைத் தேடினான்.

நடுப்பட்டையில், பக்கத்துக்கு நாலு.
ஆப்பிள் தோல்போல் எஃகு சுருண்டு விழ
அறுவடைக்கென்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த தியூன்ஸ்
ஒவ்வொரு துளைக்கும் எண்ணெய் ஊட்டினான்.
எனக்கு விளக்குப் பிடிக்கும் வேலை.
விளக்கில் தெரிந்தது: துருவேறிய இரண்டு பழந்துளை.
யோஸ்ட் வீட்டாரும் எதையோ
இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள்.

தரையிலிருந்து பந்தின் உச்சி வரை
இருபத்திரண்டு அங்குலம். அளந்தார்கள். பூட்டினார்கள்.
போதும் என்கிற இடத்தில் டார்க் ரெஞ்ச்
டக் என்றது. எட்டு டக்.

லவான் சாவியைத் திருப்பினான்.
புகை, பெல்ட்டின் கீச்சு,
காற்று முள் சோம்பலாய் ஏறியது.
சட்டத்தின் மேல் வைத்திருந்த என் காபிக் கோப்பை
இடுப்பிலிருந்து விலாவுக்கு வந்தது,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.

"வண்டி எழுந்திருக்கிறது" என்றேன்.
"என்ன?"
"எழுந்திருக்கிறது."

பின் அச்சுக்கு மேல் இரண்டு ரப்பர் பை.
நின்ற நாளெல்லாம் மூச்சு விட்டுத் தாழ்ந்து கிடந்திருக்கிறது.
தூங்குகிறவனைப் படுக்கையில் வைத்தே
உயரம் பார்த்த கதை.
ஐந்து அங்குலம் பிசகு.
இப்படியே கிளம்பியிருந்தால் என் வீடு
மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்,
முட்டையெல்லாம் பின்சுவருக்கு உருளும்.
டெல்பர்ட் தன் தாத்தா காலத்து ஜெர்மனில் ஏதோ சொன்னான்.
நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

எட்டையும் கழற்றினார்கள்.
தாழ்வாய்த் தொங்க ஒரு தட்டு வேண்டும்.
தட்டு டெல்பர்ட்டின் சொந்த இரும்பு,
அதில் எந்த வில்லையும் இல்லை.
அன்றைக்கு முதல் தடவையாக முகமூடி இறங்கியது.
நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.
சுவரில் அவன் நிழல் நீலமாய்
வந்து வந்து போனது.
விசில்கூட அடித்தான்.

நூறு மைல் ஓடியதும் நிறுத்தி
மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.
ஓக்லஹோமாவில், ஒரு தானியக் கிடங்கின் நிழலில்
லவான் மல்லாந்து அடியில் போனான்.
பூட்ஸ் மட்டும் வெளியே.
நான் எண்ணினேன்.
ஆறு வரை, தொட்டதும் டக்.
ஏழாவது சொல்லவில்லை.
கால் சுற்று போனது,
அப்புறம்தான் சொன்னது.

"பரவாயில்லை" என்றது பூட்ஸ்.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
பன்னிரண்டு டஜனில் ஒன்று கீறியிருந்தது.
அடுப்பைப் பற்றவைத்தேன்.