பூஜ்ஜியம் முடிவுகள்

வானொலி, மரணம் என்று தட்டினாள் ஸ்டெய்ன்வோர்.
பதினாலாயிரத்துச் சொச்சம் கட்டுரைகள்:
வானொலி செத்துக்கொண்டிருக்கிறதாம்,
அறுபது வருஷமாக.

அவள் தேடியது அதுவல்ல.
ஐஸ்லாந்தில் மதியச் செய்தியை ஒட்டி
இறந்தவர் பெயர், ஊர், அடக்க நேரம்
வாசிப்பார்களே, அது.

மேற்கோள் குறிக்குள் அடைத்தாள். பன்னிரண்டு.
ஆண்டைக் குறுக்கினாள். இரண்டு.
ஒன்று கோழிக் காய்ச்சல் பற்றி;
மற்றதற்குப் பல்கலைக்கழகம் சந்தா கட்டவில்லை.
'கேட்பவர்' என்று ஒரு சொல் கூட்டினாள்.
பூஜ்ஜியம்.
எழுத்துப் பிழையா, பாருங்கள் என்றது திரை.

அலமாரிகளுக்கு நடுவே
புத்தக வண்டி நின்றது.
ஹால்மாரின் சட்டைப்பையில் டிரான்சிஸ்டர்
தணிந்த குரலில் சொன்னது:
டால்விக், வெள்ளிக்கிழமை, இரண்டு மணி.
கம்பளித் தொப்பியைக் கழற்றினார் அவர்.

"தெரிந்தவரா?"

"இல்லை" என்றார்,
வண்டியை மறுபடி தள்ளிக்கொண்டே.
"கேட்டேன், அவ்வளவுதான்."