காலர்

லைசென்ஸ் முடிய இன்னும் பதினொரு நாள்.
கிண்டி தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி.
வேதமாணிக்கம் சார் கோர்களை எண்ணுகிறார்.
"போன வருஷம் எட்டு. இப்ப ஏன் பதினாறு?"
பழைய பெட்டி செத்துப்போனது சார்,
புதுசில் குறைச்சலே பதினாறுதான்.
வேலை அதேதான்:
தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர் வரை
பத்தொன்பது கிளைகளில் உறிஞ்சிய ரத்தம்
எண்ணாகி, இந்த ஜாவாவுக்குள் நுழைந்து,
யாரோ ஒருவரின் கைபேசியில் விடிகிறது.
ரத்தம் கூடவில்லை. கோர் கூடியது.
விலைப்பட்டியல் கோரைத்தான் எண்ணும்.

விற்க வந்த ரோஷன் நல்ல மனிதர்.
என் மகளின் ப்ளஸ் டூ மார்க்கை
என்னைவிடச் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்.
"ஓப்பன் சோர்ஸ் எடுத்துக்கங்க மேடம், தப்பில்ல.
விழுந்தா யார் சட்டையைப் பிடிப்பீங்க?"
அவர் காலர் கஞ்சி போட்டு நிமிர்ந்திருந்தது.
இத்தனை வருடமாக நாங்கள் வாங்கியது
அதைத்தான் என்று அப்போது உறைத்தது.
இருபத்திரண்டு லட்சத்துக்கு ஒரு காலர்.

பிடித்துப் பார்த்ததும் உண்டு.
போன டிசம்பர். மரக்காணம் போவதா இங்கே வருவதா என்று
புயல் கடலில் நின்று யோசித்த ராத்திரி.
டெங்கு ரிப்போர்ட்டுகள் வரிசையில் தேங்கின,
வேளச்சேரியில் தண்ணீர் தேங்குவதைப்போல.
டிக்கெட் போட்டேன்.
டிக்கெட்டுக்கு ஒரு எண் வந்தது.
ஒரு மணிக்கு ஒரு குரல்: "எந்த வெர்ஷன்?"
இரண்டு மணிக்கு வேறு குரல்: "எந்த வெர்ஷன்?"
மூன்றே காலுக்கு
எந்த நாட்டிலிருந்தோ ஒருத்தி, பெயர் பிடிபடவில்லை,
ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னாள்.
எழுந்துகொண்டது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
அவள் இல்லையென்றால் அன்று அழுதிருப்பேன்.

மற்றதை ஜூனிலிருந்து
ஒரு பழைய பெட்டியில் ஓட்டிப் பார்க்கிறாள் ஃபர்ஹானா.
ஒரு மத்தியானம் அதுவும் நின்றது.
கூப்பிட ஆள் இல்லை. மூடியைத் திறந்தோம்.
உள்ளே, இரண்டாயிரத்துப் பதினொன்றில்
எவனோ எழுதிவைத்த குறிப்பு:
'இது அசிங்கமாக இருக்கிறது. பிறகு சரிசெய்கிறேன்.'
அவனுடைய பிறகு இன்னும் வரவில்லை.
டீ ஆறும்வரை சிரித்தோம்.
காசு கொடுத்து வாங்கியதிலும்
இப்படி ஒருவன் உள்ளே உட்கார்ந்திருப்பான்,
அவனைப் பார்க்கத்தான் நமக்கு அனுமதியில்லை.
நான்கு மணி நேரம் படித்தோம்.
ஏழு வரி எழுதினோம்.
ஓடுகிறது, இதை எழுதும்வரை.

"ஓசிதானே? அப்ப இத்தனை வருஷம் ஏன் கொடுத்தோம்?"
என்கிறார் வேதமாணிக்கம் சார்.
ஓசி இல்லை சார். மிச்சமாகும் பணத்தில்
ஆறு லட்சம் இங்கே வைக்க வேண்டும்,
ராத்திரிக்கு இன்னொரு ஆள்,
ஃபர்ஹானாவுக்குச் சம்பளம்.
"ஓசின்னு சொன்னியே?"
நான் சொல்லவில்லை.
டாக்டர் அருளப்பன் இரண்டு கோப்புகளையும்
எக்ஸ்ரே போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.
"நீங்களே முடிவு பண்ணுங்க."

படிவத்தில் ஒரு கட்டம்:
பழுதானால் அழைக்க வேண்டியவர்.
ஒன்பது வருடமாக அங்கே இருந்தது
பதினெட்டு சைபர் சைபரில் தொடங்கும் எண்.
அடித்தேன். என் எண்ணை எழுதினேன்.
எட்டாவது இலக்கத்தில் பேனா சற்று நின்றது,
மை தீர்ந்ததாக நினைத்துக்கொண்டேன்.
நான் கேட்கவில்லை, ஃபர்ஹானா
கீழே தன் எண்ணையும் எழுதினாள்.

ரோஷனுக்கு மெசேஜ் அனுப்பினேன்.
கைகூப்பும் படம் ஒன்று வந்தது,
பிறகு, 'பாப்பா காலேஜ் எப்படிப் போகுது மேடம்?'

கிண்டி ஸ்டேஷனில், பீச் வண்டி வரும் நேரம்,
போன் அதிர்ந்தது.
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
சுடிதார். காலர் கிடையாது.
பர்சனல் லோன் வேண்டுமா என்றான் ஒருவன்.
வேண்டாம் தம்பி, வேண்டாம்.
அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.