ஒரு போல்ட் பாக்கி

கிரேனை ஞாயிறு நாலு மணிக்குள் திருப்பித் தரவேண்டும்.
தாமதித்தால் இன்னொரு நாள் வாடகை.
ஆஸ்வெஸ்ட்ரிக்கு மழை சனிக்கிழமையே வந்துவிட்டது.
அதற்கு வாடகை கிடையாது.

எழுபத்துமூன்றாம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.
கடுகு மஞ்சள்; துருப்பிடித்த இடத்தில் மட்டும் நல்ல மிளகாய்.
கிளட்சை மிதித்தால் எஞ்சினின் முன்கப்பி
ஒரு நெல்மணி அகலம் வெளியே வருகிறது.
வரக்கூடாது.
உள்ளே பிறைத்தகடு ஒன்று கழன்று
எண்ணெய்க்குள் விழுந்து கிடக்கிறது.
தெரியாமல் நான் ஓட்டிய மைல்களில்
கிராங்க் எதையெதைத் தின்றதோ,
வெளியே எடுத்தால்தான் தெரியும்.

பகலில் நான் பல் மருத்துவரின் உதவியாள்.
பதினெட்டு வருஷமாய்
அடுத்தவர் வாயில் வெளிச்சம் பிடிக்கிறேன்.
பைகளில் பெயர் எழுத யாரும் சொல்லித்தர வேண்டாம்:
"ரேடியேட்டர், கீழ்ப்பக்கம், நாலு."
"கார்புரேட்டர், இடது. வாஷர் ஒன்று முன்பே இல்லை."
"ஸ்டார்ட்டர். ஒன்று மட்டும் நீளம். ஏன்?"

இருக்கைகளைக் கழற்றினேன்.
அடியில் லாண்டுட்னோ கடற்கரையின் பார்க்கிங் சீட்டு,
எண்பத்தாறு, ஆகஸ்ட்,
இரண்டு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருக்கிறார் யாரோ.
அதற்கும் ஒரு பை எடுத்தேன்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
வெறுமனே மூடிவைத்தேன்.

எம்ரிஸ் ப்ரோபர்ட் தன் ஏணியைக் கேட்டு வந்தார்.
வந்தவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார்.
புதன்தோறும் ஆட்டுச்சந்தையில் ஏலம் கூவுகிறவர்.
எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது,
தெரிந்தவர் குரல் மட்டும் உண்டு.

சங்கிலி மாட்டியாயிற்று.
கியர்பாக்ஸுக்குக் கீழே ஜாக்கி, ஜாக்கிக்கு மேலே மரத்துண்டு.
"லேசாய் அழுத்துகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்"
என்றேன், நாற்காலியில் படுத்தவர்களிடம் சொல்கிற பழக்கத்தில்.
எம்ரிஸ் கைப்பிடியை அடித்தார்.
அடிக்க அடிக்க அவரறியாமல் வாய் கூவியது:
நாற்பது, நாற்பத்திரண்டு, அந்தப் பக்கம் நாற்பத்தைந்து,
ஐம்பது யார், ஐம்பது யார்...

எஞ்சின் எழுந்தது.
கூடவே வண்டியும் எழுந்தது.

"நிறுத்துங்க!"

சங்கிலி முனகியது. மழை தகரக் கூரையில்
தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது.
எல்லாப் பைகளையும் தரையில் கொட்டாமல் எண்ணினேன்.
ஒரு போல்ட் பாக்கி.
எங்கே என்று பை சொல்லாது.
காருக்குள் ஏறி, நடுச்சுரங்க மூடியைப் பெயர்த்த ஓட்டையில்
தோள்வரை கை விட்டேன்.
விரலுக்கு எட்டியது எண்ணெய், பழைய மண்,
இன்னும் எண்ணெய்.

கோட்டுப் பையில் அந்தக் குட்டிக் கண்ணாடி இருந்தது,
கடைவாய்ப் பல்லின் பின்புறம் பார்க்கிறது.
வெள்ளிக்கிழமை திருப்பி வைக்க மறந்தது. திருட்டில்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இருட்டுக்குள் அதைச் சாய்த்தேன்.
மேல் உதட்டுக்கு அடியில்,
மண்ணோடு மண்ணாய், ஆறுமுகம் காட்டி உட்கார்ந்திருந்தது.

ஒன்பது பதினாறு ஸ்பானர்.
ஒரு சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு திருப்பத்தான் இடம்.
எடுத்து மாட்டி, எடுத்து மாட்டி,
எம்ரிஸ் வெளியே பிஸ்கட் தின்கிற சத்தம்.

கழன்றதும் எதுவும் அதிரவில்லை.
கியர்பாக்ஸின் தண்டைவிட்டு எஞ்சின் முன்னால் வழுக்கி
காற்றில் லேசாய்த் திரும்பி
எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.
தலைச்சுமை இறக்கிய ஆள் மாதிரி
வண்டி மூக்கு நாலு விரல் உயர்ந்தது.
"விற்றாயிற்று" என்றார் எம்ரிஸ்,
மெதுவாக, சந்தையில் சொல்லாத குரலில்.

பிறகு கிரேன் சக்கரம் சரளைக்கல்லில் புதைந்தது.
அலமாரியின் முதுகுப்பலகையைப் பிடுங்கி வந்து போட்டேன்.
(சட்டைகளெல்லாம் சுவரைப் பார்த்து நிற்கின்றன இப்போது.)
லாரி டயர் ஒன்றின் மேல் எஞ்சினை உட்காரவைத்தபோது
மணி மூன்று இருபது.

கடையில் மூன்று ஐம்பத்திரண்டுக்கு ரசீது கிழித்தவன் கேட்டான்:
"சுலபமாய் வந்ததா?"
முழங்கைவரை கறுப்போடு
ஆமாம் என்றேன்.

இரவு அடித்தொட்டியைத் திறந்தேன்.
கசடுக்குள் பிறைத்தகடு, நகத்துண்டு கனம்.
இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் வைத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
எம்ரிஸின் ஏணி இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது.